சும்மா நிற்கும் இரண்டு லேத்துகள்

கேள்வி: அடிதடி வழக்கில் தண்டனை பெற்ற என் தம்பி, புழல் மத்தியச் சிறையில் இருந்தபடியே இரண்டாண்டு ஃபிட்டர் பயிற்சியை முடித்துவிட்டான். நான்கு மாதத்தில் விடுதலை. என் அம்பத்தூர் பட்டறையில் ஆள் கிடைக்காமல் இரண்டு லேத்துகள் சும்மா நிற்கும் நெருக்கடியில், இவன் கவலையும் சேர்ந்துகொண்டது. சிறையிலிருந்து வருபவர்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் எதையேனும் கூறுங்கள்.
– வாசகர், கொரட்டூர்

பதில்: நிறுவனம் தெரியும். அம்பத்தூரில் இருக்கிறது, முதலாளி நீங்கள்தான்.

லேத்துகள் ஆளின்றி நிற்பதையும் தம்பிக்கு வேலை தேடுவதையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதியும், உங்கள் பேனா அங்கே ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. ஃபிட்டர் பயிற்சியில் லேத்தில் செய்யும் கடைசல் வேலையும் அடக்கம் என்பது பட்டறை நடத்தும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே, குறுக்கே நிற்பது அவனுடைய கைத்திறன் அல்ல. உங்கள் பட்டறைக்கு ஜாப் ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்ற உங்கள் கூச்சம். எழுதாததைச் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். இதே கடிதத்தை வேறு வேறு கையெழுத்துகளில் பலமுறை படித்திருக்கிறேன்.

புழலில் சிறைத்துறை இந்தியன் ஆயிலுடன் சேர்ந்து நடத்தும் பெட்ரோல் பங்க்கில் கைதிகளே பெட்ரோல் நிரப்புகிறார்கள். 2023 முதல் பெண் கைதிகள் நடத்தும் பங்க் ஒன்றும் அங்கே உண்டு. முன்பின் அறியாத சென்னைவாசிகள் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு, அவர்கள் கையிலேயே பணத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கூடப் பிறந்த உங்களுக்கு அந்தத் துணிச்சல்கூட இல்லையா?

கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும், அதில் ஒரு பங்கு குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் கூறியது. செய்த தவறுக்கு அவன் செலுத்த வேண்டியதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். தகப்பனுக்கு அடுத்த இடம் அண்ணனுக்கு என்று நம்பும் பழைய மனுஷி நான். நீங்கள் செலுத்த வேண்டியதை எந்த நீதிமன்றமும் கேட்காது, நான் கேட்கிறேன்.

அடுத்த வாரமே மனுப் போட்டு அவனைப் பாருங்கள். 'வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்' என்று மழுப்பாமல், எந்த லேத், எத்தனை மணிக்கு ஷிப்ட், என்ன சம்பளம் என்று கூறுங்கள். தம்பிதானே என்று சாப்பாட்டையும் கைச்செலவையும் மட்டும் கொடுத்து வேலை வாங்கும் அண்ணன்களைக் கண்டிருக்கிறேன். மற்றவர்களுக்குக் கொடுப்பதையே அவனுக்கும் கொடுத்து, சம்பளப் பதிவேட்டில் பெயரை எழுதுங்கள். பட்டறை ஆட்களிடம், அவன் வருவதற்கு முன்பே, நீங்களே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். டீக்கடையில் அவர்கள் கேள்விப்படும்படி விடாதீர்கள்.

விடுதலை நாளன்று புழல் வாசலுக்கு டிரைவரை அனுப்ப வேண்டாம். நீங்கள் போங்கள்.