முட்டி எக்ஸ்-ரேயில் சுண்ணாம்பு: ஆஞ்சியோ எடுக்கணுமா?

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கும் என் அம்மாவுக்கு 61 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. முட்டி வலிக்கு எக்ஸ்-ரே எடுத்ததில் மூட்டுத் தேய்மானம் என்றார்கள். முட்டிக்குப் பின்னால் ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருப்பதாகவும் ரிப்போர்ட்டில் இருக்கிறது. ‘முட்டி தேய்ந்தா ஹார்ட்டும் போயிடும், உடனே ஆஞ்சியோ எடுங்க’ என்று தெரிந்த ஒருவர் சொல்லி, ஓர் ஆஸ்பத்திரி விசிட்டிங் கார்டும் கொடுத்தார். பயமாக இருக்கிறது.

பதில்: அந்த கார்டைக் கிழித்துப் போடுங்கள். நெஞ்சில் தொந்தரவு இல்லாத ஒருவருக்கு முட்டி எக்ஸ்-ரேயைக் காட்டி ஆஞ்சியோவுக்கு ஆள் பிடிப்பது கமிஷன் வேலை.

முட்டி தேய்வதால் ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிவதில்லை. வயது, உடல் எடை, சர்க்கரை, பிபி என்று இரண்டையும் கெடுக்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே. வலியால் நடை குறைந்தால் எடையும் சர்க்கரையும் ஏறும், அது குழாயைக் கெடுக்கும். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் ஆய்விலும் பெண்களிடம் முட்டித் தேய்மானத்துக்கும் கழுத்து ரத்தக் குழாய் தடிப்புக்கும் தொடர்பு தெரிந்தது. தொடர்புதான், காரணம் அல்ல. சுண்ணாம்பு தெரிந்தால் குழாய்ச் சுவர் கெட்டிப்பட்டிருக்கிறது என்று பொருள். ரத்தம் போகவில்லை என்று பொருளில்லை.

படி ஏறும்போதும் உட்கார்ந்து எழும்போதும் முட்டி வலித்தால் அது மூட்டு. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிட்டால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குக் கையிலும் கணுக்காலிலும் பிபி பார்த்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு. ஆனால் உங்கள் அம்மாவைப் போல நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களிடம் இந்தச் சோதனை ஏமாற்றும். கெட்டிப்பட்ட குழாய் பிபி பட்டைக்கு அமுங்காது. அதனால் அடைப்பு இருந்தும் கணக்கு நார்மலாகவோ 1.4க்கு மேலேயோ வரும். ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தாலும் பாதத்தில் நாடி தொட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கால் விரலில் அழுத்தம் பார்க்கலாம், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் இருக்கிறது. விரல் கறுத்தாலோ, பாதம் சில்லிட்டாலோ, புண் ஆறாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலும் அப்படியே.

நான் அதிகம் பயப்படுவது மெடிக்கல் கடை மாத்திரைக்குத்தான். ‘முட்டி வலிக்கு ஒரு செட்’ என்று சீட்டே இல்லாமல் தருகிறார்கள்: டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப். இவை பிபியை ஏற்றும், கிட்னியைக் கெடுக்கும், மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டும். இதே குடும்பத்து ரோஃபெகாக்ஸிப்பை அந்தக் காரணத்துக்காகவே 2004இல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். லேபிள் இல்லாத ‘மூலிகை’ பவுடரில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள், சர்க்கரை எகிறும்.

எலும்பு டாக்டர் எலும்பையே பார்க்கிறார், சர்க்கரை டாக்டர் சர்க்கரையை. எல்லாச் சீட்டும் ஒரே மஞ்சப்பையில் கிடக்கின்றன, சேர்த்துப் படிக்க யாருக்கும் நேரமில்லை. அதனால் நீங்களே எல்லா மாத்திரை அட்டைகளையும், வலி மாத்திரை உட்பட, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரே டாக்டர் முன்னால் வையுங்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருபவரிடமும் காட்டுங்கள். பிபி, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு, இசிஜி: இப்போதைக்கு இவ்வளவு போதும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறார் என்றால் அது நிற்க வேண்டும். முட்டிக்குத் தொடைத் தசைப் பயிற்சி, வலி பொறுக்கும் அளவு நடை, மேலே தடவும் ஜெல். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வயதில் சர்க்கரை உள்ளவருக்குப் பொதுவாகத் தருவார்கள். இல்லையென்றால் ஏன் எழுதவில்லை என்று கேளுங்கள்.