பணம் வாங்க ‘பின்’ நம்பர் எதற்கு?

கேள்வி: குன்னூரில் வர்க்கியும் ஹோம்மேட் சாக்லேட்டும் விற்கும் சிறிய கடை நடத்துகிறேன். வெலிங்டனில் ராணுவ அதிகாரியாக இருப்பதாகச் சொன்ன ஒருவர், போனில் முப்பது கிலோ சாக்லேட் ஆர்டர் கொடுத்தார். அடையாள அட்டையின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இப்போது ஒரு கியூஆர் கோடை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் முழுப் பணமும் வந்துவிடும் என்கிறார். சரக்கைக் கட்டி வைத்துவிட்டேன். ஸ்கேன் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். யுபிஐ வழியாக நம் கணக்குக்குப் பணம் வர, நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. பணம் அனுப்பவும் கணக்கில் உள்ள இருப்பைப் பார்க்கவும்தான் அந்த எண் தேவைப்படுகிறது.

அவர் அனுப்பிய கோடை ஸ்கேன் செய்தால் வரும் திரையை நிதானமாகப் படிப்பவருக்கு உண்மை விளங்கிவிடும். பணம் யாருக்குப் போகிறது என்ற இடத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் பெயர் இருக்கும். தொகை ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். கீழே உள்ள பொத்தானில் ‘செலுத்து’ என்றுதான் இருக்கும். அதைப் படிக்க விடாமலிருக்கவே, டியூட்டிக்கு நேரமாகிறது, வண்டி கிளம்பிவிட்டது என்று அவர் போனை வைக்காமல் அவசரப்படுத்துகிறார். சிலர் முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லி, இரண்டு ரூபாயாகத் திருப்பியும் அனுப்புவார்கள். அது நம்பிக்கை வரவழைப்பதற்காகப் போடும் தூண்டில்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியும் வெலிங்டனில் இருப்பதால், ராணுவக் குடும்பங்கள் உங்கள் கடைக்கு அன்றாடம் வந்துபோகிறவர்கள். சீருடையின் மீது நமக்குள்ள அந்த மரியாதையை முதலாக வைத்துத்தான் இந்த மோசடி நடக்கிறது. அடையாள அட்டையின் படம் எதற்கும் சான்றாகாது. அது வேறொருவரிடமிருந்து ஏமாற்றி வாங்கிய அட்டையாகவும் இருக்கலாம். மலை ரயிலில் குன்னூருக்கு அடுத்த நிலையமே வெலிங்டன். அவ்வளவு பக்கத்தில் இருப்பவர் ஆளை அனுப்பி, ரொக்கமாகவோ உங்கள் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு வழியாகவோ பணம் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுத்துச் செல்லட்டும் என்று சொல்லிப் பாருங்கள். மோசடிக்காரர் அதற்கு ஒருபோதும் சம்மதிக்க மாட்டார்.

கட்டிய சரக்கு வீணாகிவிடுமே என்ற உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. நீங்கள் சரக்கைக் கட்டி முடிக்கும்வரை அவர் பணப் பேச்சை எடுக்காமல் காத்திருந்ததும் அந்தத் தவிப்புக்காகத்தான். சாக்லேட்டைக் கடையிலேயே விற்றுவிடலாம். போன பணத்தை மீட்பது அவ்வளவு எளிதல்ல.

சீசனில் காட்டேஜ் நடத்துபவர்களுக்கு இதே அழைப்பு அறை முன்பதிவு என்ற பெயரில் வருகிறது. ஐயாயிரத்துக்குப் பதில் ஐம்பதாயிரம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சுபவர்களும் உண்டு. அவர்கள் காட்டும் குறுஞ்செய்தி சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருக்கும். வங்கியின் செய்தியோ எழுத்துகளாலான பெயரில் வரும். எப்படி வந்தாலும், வங்கிச் செயலியில் உங்கள் இருப்பைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் திருப்பித் தராதீர்கள்.

உங்களுக்குப் பண இழப்பு ஏதும் இல்லாததால், உங்களை அழைத்தவரின் எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலுள்ள சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டவர்கள் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் வங்கிகளால் அதை முடக்க முடியும். பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வங்கிக்கும் உடனே தெரிவித்து, புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாமே பின் நம்பரைப் போட்டு இழந்த தொகைக்கு வங்கி பொதுவாகப் பொறுப்பேற்காது என்றாலும், தெரிவித்த பிறகு நடக்கும் மோசடிப் பரிவர்த்தனைகளின் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்போது நீங்கள் குறித்து வைத்த அந்த நேரமே உங்களுக்குச் சான்று.