அப்பாவின் ஒட்சிசன் அளவு 84 காட்டுகிறது – பதில்

விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவுக் கருவி (pulse oximeter) காட்டிய அந்த 84 சதவீதத்தை இப்போதே நம்ப வேண்டாம். வயலில் மழையில் நனைந்து கிளிநொச்சி வீட்டுக்கு வந்த கையோடு பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இளைப்பும் இல்லை, வழமைபோல் கதைக்கிறார் என்கிறீர்கள். பெரும்பாலும் விரல் குளிர்ந்ததுதான் காரணம்.

குளிரில் உடற்சூட்டைக் காக்க விரலின் சின்ன நாடிகள் சுருங்கிவிடும். கருவியோ விரலுக்குள் ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்போடும் வரும் குருதியின் நிறத்தைத்தான் பார்க்கிறது. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின், ஒட்சிசன் ஏறியிருந்தால் பளிச்சென்ற சிவப்பு, ஏறாவிட்டால் கருஞ்சிவப்பு. துடிப்பு மெலிந்தால் கணக்குப் பிழைக்கும்.

கையைத் துடைத்துச் சூடாக்கி, மருதாணி இல்லாத விரலில் மாட்டி, ஆடாமல் ஒரு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். அப்புறம் மணிக்கட்டில் நாடித்துடிப்பை நீங்களே எண்ணுங்கள். கருவி காட்டும் துடிப்பு அதோடு பொருந்தாவிட்டால் ஒட்சிசன் எண்ணையும் நம்ப முடியாது. எனக்கு இந்தச் சோதனையில்தான் நம்பிக்கை அதிகம்.

ஆனால் சூடான விரலிலும் 92 அல்லது அதற்குக் கீழே நின்றால், அல்லது எண் எதுவானாலும் இளைப்போ நெஞ்சு நோவோ உதட்டில் நீலமோ தெரிந்தால், திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்காதீர்கள். உடனே 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.