எந்த நூற்புழுவுக்கு எதிர்ப்பு?

கேள்வி: வேப்பனப்பள்ளிக்கு அருகே, குப்பம் எல்லையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன். தக்காளி வேரெல்லாம் முண்டு முண்டாக வீங்கியிருக்கிறது. ஒரு ஏஜென்ட், "நூற்புழு தாங்கும் அமெரிக்க சோயா விதை" தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நூற்புழு என்பது மண்ணில் இருந்து வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு புழு; அதில் பல வகை உண்டு. எந்த நூற்புழுவைத் தாங்கும் என்று அவரைக் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். அமெரிக்காவில் சோயாவை வாட்டுவது முட்டைக்கூடு நூற்புழு. அங்குள்ள எதிர்ப்பு ரகங்களில் மிகப் பெரும்பாலானவை பிஐ 88788 என்ற ஒரே சோயா வகையிலிருந்து எதிர்ப்பைப் பெற்றவை. அதையே திரும்பத் திரும்பப் போட்டதில் பல வயல்களில் புழு அதற்குப் பழகிவிட்டது. உங்கள் தக்காளியில் இருப்பது வேர்முடிச்சு நூற்புழு. அதற்கான எதிர்ப்பு வேறு மரபணு. அது இல்லாத சோயாவைப் போட்டால் புழுவுக்கு நீங்களே விருந்து வைக்கிறீர்கள். போதாததற்கு, நீண்ட பகலுக்குப் பழகிய வடபுல ரகங்கள் இங்கே குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும்.

மூட்டையில் பச்சை அட்டை இருந்தால், அது விற்பவர் தானே கொடுக்கும் உறுதி மட்டும்தான். நீல அட்டை சான்று விதை. அதுகூட முளைப்பு, தூய்மையோடு நின்றுவிடும். நூற்புழு தாங்கும் என்று விற்பவர் எந்த இனம் என்று அச்சிட்டே ஆக வேண்டும் என்று ஒரு வரி விதி போட என்ன தடையோ!

தப்பிப் பிழைத்த செடியில் விதை எடுத்து நாமே ரகம் உண்டாக்கலாம் என்றும் சிலர் கிளம்புவார்கள். புழு வயலில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அந்தச் செடி புழு இல்லாத இடத்தில் நின்றிருக்கலாம். தொட்டியில் ஒவ்வொரு செடிக்கும் புழுவின் முட்டைகளை எண்ணி ஊற்றி, வேரில் எத்தனை முடிச்சு என்று பார்த்த பிறகுதான் அது எதிர்ப்பா என்று தெரியும்.

சோயா வேரில் நல்ல முடிச்சும் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ரைசோபியம் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா உண்டாக்கும் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும். பிய்த்தால் வேரும் சேர்ந்து அறும்.

இந்தப் போகம் நிலக்கடலையோ செண்டுமல்லியோ போடுங்கள். கடலைக்கு ஒரு விலக்கு உண்டு. வேர்முடிச்சுப் புழுவிலேயே பல இனம். தக்காளியில் அதிகம் காணும் இன்காக்னிட்டா கடலையில் பெருகாது, ஆனால் அரனேரியா பெருகும். ஜாவானிகாவிலும் சில வகை கடலையைத் தாக்கும். கடலையைப் பிடுங்கும்போது வேரிலும் காயிலும் வீக்கம் தெரிந்தால் அடுத்த முறை கடலையை விடுங்கள். எது என்று கண்ணால் சொல்ல முடியாது, ஆய்வகம்தான் சொல்லும்.

அதற்கு 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில், வளைந்து வளைந்து நடந்து 15 இடங்களில் வேரடி மண் எடுத்துக் கலந்து, 250 கிராம் மண்ணும் 10 கிராம் வேரும் பாலித்தீன் பையில் கட்டுங்கள். காய வைக்காதீர்கள், வண்டியில் வெயிலில் போடாதீர்கள். புழு செத்தால் 'இல்லை' என்றே முடிவு வரும். வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகுமுன் நூற்புழு பார்க்கும் வசதி உண்டா என்று போன் செய்து கேளுங்கள். இல்லையென்றால் கோவை வேளாண் பல்கலைக்கழக நூற்புழுவியல் துறைக்கு இரண்டு நாளுக்குள் சேர்த்துவிடுங்கள்.