கேமராவில் +/− என்று போட்ட பட்டன் எதற்கு?

படம் எவ்வளவு வெளிச்சமாக வர வேண்டும் என்று கேமரா எடுத்த முடிவை, நீங்கள் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ உதவுவதுதான் இந்தப் பட்டன்.

கேமராவுக்குத் தான் பார்ப்பது வெள்ளைச் சுவரா, கறுப்புப் பூனையா என்று சரியாகத் தெரியாது. எந்தக் காட்சியும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிற அளவுக்கு வெளிச்சம் கொண்டது என்ற கணக்கில்தான் அது அளக்கிறது. எல்லாருக்கும் நடுத்தர அளவிலேயே சட்டை தைக்கும் தையல்காரர் மாதிரி. பெரும்பாலானோருக்குப் பொருந்திவிடும், ரொம்பக் குண்டாகவோ ஒல்லியாகவோ இருப்பவர்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் பனி மூடிய நிலம் அழுக்குச் சாம்பலாக வருகிறது. அங்கே +1 வையுங்கள். ஷட்டர் நேரத்தையோ லென்ஸ் துளையையோ மாற்றி, கேமரா இரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஜன்னலுக்கு முன்னால் நிற்பவரின் முகம் இருண்டு போனாலும் இதே வைத்தியம்தான். கறுப்புப் பூனை சாம்பல் பூனையானால் −1. பெரும்பாலான கேமராக்களில் முழு ஒன்றாக இல்லாமல், அதில் மூன்றில் ஒரு பங்கு அளவாகவும் நகர்த்தலாம்.

முழு ஆட்டோவில் இந்தப் பட்டன் பல கேமராக்களில் வேலை செய்யாது; மேலே உள்ள டயலை 'P' (புரோகிராம்) என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். அப்புறம், எடுத்து முடித்ததும் 0-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். சில கேமராக்கள் அணைத்த பிறகும் அதை மறப்பதில்லை, நாம்தான் மறப்போம்!

இது திரையின் வெளிச்சத்தைக் கூட்டும் பட்டன் என்று பலர் நினைக்கிறார்கள். திரை வெளிச்சத்துக்கான அமைப்பு மெனுவில் தனியாக இருக்கிறது, அதை மாற்றினால் படத்தில் எதுவும் மாறாது.