குழுவாகச் சாப்பிடப் பக்கத்து ஹோட்டல்: கேள்வி பதில்

பல வருடங்கள் ஒரு உணவகத்தில் குழு முன்பதிவுகளைக் கவனித்துக்கொண்டவன் நான். பிறந்தநாள், பணி ஓய்வு, பழைய வகுப்புத் தோழர்கள் கூடுவது என்று எத்தனையோ விருந்துகளை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வீட்டைச் சுற்றி நாலு ஹோட்டல் இருக்கு. 18 பேர் போறோம். நாலுலயும் சாப்பாடு நல்லாத்தான் இருக்கும். எதை வெச்சு முடிவு பண்றது?

சத்தத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் மத்தியானம் மூன்று மணிக்குப் போய், காலியான ஹாலைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரி எட்டரைக்கு அதே ஹால் வேறு மாதிரி இருக்கும். விருந்து என்றைக்கோ, அதே கிழமையில் அதே நேரத்தில் ஒரு தடவை இரண்டு பேராகப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். எதிரே இருப்பவர் சொல்வது முதல் தடவையிலேயே காதில் விழுகிறதா என்று கவனியுங்கள்.

தரையில் டைல்ஸ், சுவரில் கண்ணாடி, மேலே வெறும் கான்கிரீட் என்றால் சத்தத்தை உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை. திரைச்சீலை, மெத்தை வைத்த நாற்காலி, மர வேலைப்பாடு இருந்தால் வித்தியாசம் உடனே தெரியும். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். சுற்றியிருக்கும் இரைச்சல் அதைத் தாண்டினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம், பக்கத்து டேபிளும் உயர்த்தும், அதைக் கேட்டு நாம் இன்னும் உயர்த்துவோம். இரைச்சலில் குரல் தானாக உயர்வதை 1911இல் விவரித்தவர் எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர். அவர் பெயரால் இதை லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். காது மந்தமான பெரியவர் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள். அவர் கேட்பதை விட்டுவிட்டுச் சிரித்துத் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார் என்றால், அவருக்கு அந்த விருந்து முடிந்துவிட்டது.

தனி ரூம் எடுத்தே ஆகணுமா?

யாராவது எழுந்து நாலு வார்த்தை பேசப் போகிறார் என்றால் எடுங்கள். இல்லையென்றால் ஹாலில் ஒதுக்குப்புறமான மூலையே போதும். எடுப்பதாக இருந்தால் கதவு இருக்கிறதா, மடக்குத் தடுப்பு மட்டும்தானா என்று நேரில் பாருங்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு வேறு பார்ட்டி உண்டா என்று கேளுங்கள். குறைந்தது இவ்வளவுக்காவது சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனை தனி அறைக்குப் பல இடங்களில் உண்டு. அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

14 பேர். நீளமா டேபிள் சேர்த்துப் போட்டுத் தர்றோம்னு சொல்றாங்க. சரிதானே?

நான் ஆசையோடு பதில் சொல்ல நினைத்த கேள்வி இதுதான். ஒரு பணி ஓய்வு விருந்தில் இப்படித்தான் நீளமாகப் போட்டோம். ஓய்வு பெறுகிறவரை மரியாதைக்காக மேசையின் ஒரு கோடியில் உட்கார வைத்தார்கள். அவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இரண்டு மணி நேரமும் அந்த இரண்டு பேரோடுதான் பேசினார். மறுகோடியில் சிரிப்பு வெடிக்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார், பிறகு தட்டைப் பார்ப்பார். தண்ணீர் ஊற்றப் போன எனக்கு அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

மனிதர்கள் இயல்பாகச் சேர்ந்து பேசும்போது ஒரே பேச்சில் பெரும்பாலும் நாலு பேர் வரைதான் நிற்கிறார்கள், அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பாரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1995இல் எழுதினார்கள். அதனால் 14 பேருக்கு ஏழேழாக இரண்டு வட்ட மேசை கேளுங்கள். ஆளுக்கு 60 சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும். 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட மேசையில் ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். நீள மேசைதான் உண்டு என்றால், விருந்தின் நாயகரை நடுவில் உட்கார வையுங்கள். பாதி சாப்பாட்டில் நாலைந்து பேரை இடம் மாறச் சொல்லுங்கள்.

போன தடவை பாதிப் பேர் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் மீதிப் பேருக்கு வந்தது. நாங்க என்ன தப்பு பண்ணோம்?

20 பேர் 20 விதமாக ஆர்டர் சொல்லியிருப்பீர்கள். சின்ன ஹோட்டலின் சமையலறையில் அடுப்பும் கையும் எண்ணிக்கைக்குத்தான் இருக்கும், வெளியே மற்ற டேபிள்களும் காத்திருக்கும். மெனுவைச் சுருக்கி முக்கிய வகையில் மூன்று நான்கை மட்டும் வைத்து, யாருக்கு எது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூட்டம் சேரும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் உட்கார்ந்துவிட்டால் இன்னும் நல்லது.

ஒருத்தருக்கு ஒவ்வாமை இருக்கு. சர்வர்கிட்டச் சொன்னாப் போதுமா?

போதாது. புக் செய்யும்போதே சமையல் பொறுப்பாளரிடம் பேசுங்கள். "அதைப் போடாமல் செய்து தருகிறோம்" என்பார்கள். அதே எண்ணெய், அதே கரண்டி, அதே வெட்டும் பலகையா என்று கேளுங்கள். பொரிக்கும் சூட்டில் எல்லாம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பில்லைச் சமமாப் பிரிச்சுக்கலாமா?

இஸ்ரேலில் ஆறு ஆறு பேராக உட்கார வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2004இல் வெளியானது. பில் சமமாகப் பிரியும் என்று தெரிந்தபோது, அவரவர் பங்கை அவரவர் கொடுப்பதைவிட ஆட்கள் அதிகமாகவே ஆர்டர் செய்தார்கள். பார்த்துப் பார்த்துச் செலவு செய்பவர் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார், அவர் வாய் திறந்து சொல்லவும் மாட்டார். தலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி, போகும் முன்னரே வசூலித்துவிடுங்கள். வரியும் சர்வீஸ் சார்ஜும் அதில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா சக்கர நாற்காலியில வர்றாங்க.

ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் வாசல், கழிவறைக் கதவு இரண்டையும் அளந்து பாருங்கள். 80 சென்டிமீட்டராவது திறப்பு வேண்டும். "ஒரே ஒரு படிதான்" என்று போனில் சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அம்மாவின் இடத்தில் இருக்கும் நாற்காலியை அவர் வருவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் அதை நகர்த்திக்கொண்டிருந்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

அட்வான்ஸ் கொடுத்தாச்சு. இப்ப நாலு பேர் வரலைன்னு சொல்றாங்க.

இன்றைக்கே போன் செய்யுங்கள். பொருள் வாங்கும் முன் சொன்னால் பெரும்பாலும் குறைத்துக்கொள்வார்கள், வாங்கிய பின் சொன்னால் அவர்களுக்கு நஷ்டம். பேசி முடித்ததும் புதிய ஆள் கணக்கு, தேதி, நேரம், தலைக்கு எவ்வளவு என்பதை ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பேசிய சூப்பர்வைசருக்கு விருந்து நாளில் விடுமுறையாக இருக்கலாம்.