முன்பக்கம் உட்கார்ந்த டிமேக்ஸ்: போல்ட்டைத் திருகுவதற்கு முன் அளந்து பாருங்கள்

கேள்வி: அண்ணே, என்னிடம் 2007 இசுசு டிமேக்ஸ் பிக்கப் வண்டி இருக்கிறது. 2.5 டீசல், ஃபோர் வீல் டிரைவ். பட்டர்வொர்த்தில் பந்தல் போடும் தொழில். இரும்புக் குழாய்களைக் கேபினுக்கு மேலே உள்ள ரேக்கில் கட்டி ஏற்றுவேன். பாரம் தாங்குவதற்காகப் பின்னால் ஒரு பட்டை ஸ்பிரிங் கூட்டி வைத்திருக்கிறேன். இப்போது முன்பக்கம் உட்கார்ந்துவிட்டது, வலது பக்கம் இன்னும் தாழ்வு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் டோர்ஷன் பார் போல்ட்டை நாலு சுற்று ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வேலையும் வருகிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். முதலில் அப்சார்பர். அது வண்டியின் பாரத்தைத் தாங்கும் சாமான் இல்லை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் சாமான். உங்கள் அப்சார்பரைக் கழற்றி வைத்தாலும் வண்டி ஏறக்குறைய இதே உயரத்தில்தான் நிற்கும். எண்ணெய் ஒழுகினாலோ, பள்ளத்தில் இறங்கிய பிறகு வண்டி இரண்டு மூன்று முறை ஆடினாலோ மாற்றுங்கள். உயரத்துக்காக மாற்றினால் காசுதான் போகும்.

போல்ட் விஷயம் அப்படி இல்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் எனக்குப் பயம். 2012க்கு முந்தைய டிமேக்ஸ் ஃபோர் வீல், வீகோ மாடலுக்கு முந்தைய டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர் வீல், பழைய மிட்சுபிஷி ஸ்டார்ம் போன்ற வண்டிகளில் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. சேசிஸை ஒட்டி நீளவாக்கில் ஓடும் ஒரு தடித்த கம்பிதான் ஸ்பிரிங். டோர்ஷன் பார் என்பது அதுதான். அதன் முன்முனை சக்கரத்தைத் தாங்கும் ஆர்மைப் பிடித்திருக்கும். உங்கள் வண்டியில் அது கீழ் ஆர்ம். பின்முனை ஒரு சிறிய நெம்புகோலில் உட்கார்ந்திருக்கும். சக்கரம் மேலே ஏறும்போது, ஈரத்துணியைப் பிழிவதுபோல் கம்பி முறுகும். அந்த நெம்புகோலைத் தள்ளிப் பிடிப்பதுதான் நீங்கள் சொல்லும் போல்ட்.

போல்ட்டை ஏற்றினால் கம்பி பலமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. கம்பியின் விறைப்பு அதன் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது. போல்ட் செய்வது, கம்பி எந்த இடத்திலிருந்து முறுகத் தொடங்க வேண்டும் என்பதை மாற்றுவது மட்டும்தான். அதிகம் ஏற்றினால் ஆர்ம் கீழ்நோக்கி இறங்கி நிற்கும், சக்கரம் பள்ளத்தில் தொங்க இடம் இருக்காது. வண்டி குதிரைபோல் குதிக்கும். ஓட்டுகிறவர் அதைப் பார்த்து ஸ்பிரிங் இறுகிவிட்டது என்று சந்தோஷப்படுவார். ஃபோர் வீல் வண்டியில் இன்னொரு கேடும் உண்டு: முன்சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட் கூடுதல் கோணத்தில் சுற்றி, அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். பாலிக் பூலாவ் மலைப்பாதையில் டுரியான் ஏற்றும் ஒரு வண்டி அப்படித்தான் என்னிடம் வந்தது. எங்கேயோ போல்ட்டைக் கடைசி மரை வரை ஏற்றியிருந்தார்கள். இரண்டு பூட்டும் கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதிலாகச் சேறு இருந்தது.

அதனால் முதல் வேலை அளவு. சமதளத்தில் நிறுத்துங்கள். டயர் காற்று இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். ரேக்கிலும் பின்னாலும் பாரம் வேண்டாம். வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அழுத்திவிட்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை அளவு நாடாவைப் பிடியுங்கள். நான்கு சக்கரத்துக்கும் எழுதி வையுங்கள். முன்னால் இடது வலது வித்தியாசம் 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் கை வைப்பதில்லை.

நான்கும் ஏன் என்றால், பின்னால் பட்டை கூட்டியிருக்கிறீர்கள். வெறும் வண்டியில் பின்பக்கம் தூக்கி நிற்பதால், முன்பக்கம் இறங்காமலே இறங்கியதுபோல் தெரியலாம். அந்தப் பட்டை ஒரு பக்கம் மட்டும் தளர்ந்திருந்தாலும் முன்னால் அதே பக்கம் தாழும். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பின்சேசிஸின் குறுக்குச் சட்டத்துக்கு நட்டநடுவில் ஜாக்கி வைத்து, பின்பாரம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் வரும் வரை தூக்குங்கள். அந்த நேரத்தில் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. முன்னால் இடதும் வலதும் இப்போது சமமாகிவிட்டால் கோளாறு பின்னால் இருக்கிறது. வலது இன்னும் தாழ்ந்தே இருந்தால்தான் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் உறுத்தியது அந்தக் குழாய்கள்தான். 6 மீட்டர் குழாய், வண்டியைவிட நீளம். கேபினைத் தாண்டி பானெட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் பாரம் நேராக முன்சக்கரத்தில் இறங்கும். எந்தப் பக்கம் கட்டுகிறீர்கள்? ஓட்டுநர் பக்கமாக என்றால், உங்கள் எடையும் அதே பக்கம்தான். வருடக்கணக்கில் இப்படி ஓடினால் வலது கம்பி முதலில் தளர்வதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்து அடியில் பாருங்கள். கீழ் ஆர்முக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கிப் பளபளவென்று இருந்தால், ஆர்ம் அதில் இடித்துக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். ஆர்ம் சேசிஸில் மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளைகளான புஷ்களில் ரப்பர் பிய்ந்து, நடுக்குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறதா? டயரின் உள்விளிம்பை உள்ளங்கையால் தடவுங்கள். ரம்பம்போல் சொரசொரத்தால் சக்கரம் நேராக உருளாமல் தேய்கிறது. அப்புறம், கடலோரம் ஓடும் வண்டி என்பதால் அந்த நெம்புகோலும் போல்ட்டும் உட்காரும் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். துரு தின்ற சட்டத்தில் போல்ட்டை ஏற்றவே கூடாது.

கீழ் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டான கீழ் போல் ஜாயிண்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது விட்டுப்போனால் சக்கரம் மடிந்துவிடும், பினாங்குப் பாலத்தில் போகும்போது அது நடக்க வேண்டாம். கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயருக்குக் கீழே கடப்பாரை வைத்து நெம்ப வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு மேலும் கீழும் ஆடினால் அன்றைக்கே மாற்றுங்கள்.

புஷ் மாற்றும்போது பல இடங்களில் ஒரு தப்பு நடக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முறுக்கி இறுக்கிவிடுவார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் புது ரப்பர் முதல் நாளிலிருந்தே முறுகிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழிந்தும்விடும். போல்ட்டை விரலால் மாட்டி, வண்டியை நான்கு சக்கரத்தில் நிறுத்தி, உயரத்தைச் சரிசெய்து, அதன் பிறகே கடைசி இறுக்கு. நீங்கள் பக்கத்திலேயே நின்று இதைக் கேட்டு வாங்குங்கள்.

புஷ், ஜாயிண்ட் எல்லாம் நன்றாக இருந்து உயரம் மட்டும் குறைவு என்றால், சரி, அப்போது போல்ட்டைத் தொடலாம். மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விடுங்கள். வெளியே தெரியும் மரையின் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சேசிஸைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, பாரம் இறங்கிய பிறகு திருகுங்கள். ஒரு தடவைக்கு ஒரு சுற்று போதும். இறக்கி, உருட்டி, திரும்ப அளந்து பாருங்கள். தொழிற்சாலை உயரத்தைத் தாண்ட வேண்டாம். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும், ஆகவே சக்கரக் கோணங்களைச் சரிபார்க்கும் அலைன்மெண்ட் கட்டாயம். ஹெட்லைட்டையும் கொஞ்சம் இறக்க வேண்டி வரும்.

போல்ட்டில் மரை மிச்சமில்லாமல் இருந்தும் வலது பக்கம் எழும்பவில்லை என்றால் கம்பி களைத்துவிட்டது. மாற்றத்தான் வேண்டும், இரண்டையும் சேர்த்து. இடது கம்பியும் வலது கம்பியும் ஒன்றில்லை. எந்தப் பக்கம் முறுக வேண்டுமோ அதற்கென்றே பதப்படுத்தியவை, முனையில் அடையாளம் இருக்கும். பழைய வண்டிச் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்குவதென்றால் பெயின்ட் உரிந்த இடம், துருக்குழி, கீறல் ஒன்றுகூட இல்லாததாகப் பொறுக்குங்கள். விரிசல் அங்கேதான் பிறக்கும். பைப் ரெஞ்சால் கம்பியைப் பிடித்துத் திருப்புகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கழற்றும் வேலையை வீட்டு வாசலில் செய்யவும் வேண்டாம். முறுகிய கம்பி சட்டென்று விடுபட்டால் கை போய்விடும்.

தைப்பூசத்துக்காகப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குச் சாமான் ஏற்றும் நாளுக்குள் இவ்வளவும் முடியாவிட்டால், போல் ஜாயிண்டைச் சோதித்துவிட்டு வண்டியை ஓட்டுங்கள். குழாயை ரேக்கின் இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துக் கட்டி, இரண்டு நடையாக ஏற்றுங்கள். பின்னால் நீளும் முனையில் சிவப்புத் துணி மறக்க வேண்டாம். அளந்த நான்கு எண்களையும் எனக்கு எழுதுங்கள், கம்பியா புஷ்ஷா என்று பார்த்துச் சொல்கிறேன்.